தேயிலை விதையைக் காயவைத்து விற்கிறார்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் 'வீட்டிலேயே தேயிலை வளர்க்கலாம்' என்று ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. விதையை வாங்கி ஒரு நாள் ஊறவைத்துத் தொட்டியில் போட்டால் முளைக்கும் என்று நாலே வரியில் முடித்துவிட்டார்கள். அதில் பொய் ஏதும் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் நிறைய. இப்போது நீடாமங்கலம் கடைத்தெருவில் ஒரு தள்ளுவண்டிக்காரர் அந்தக் குறிப்பைக் கத்தரித்து, கண்ணாடித்தாள் ஒட்டி, வண்டியின் முன்னால் மாட்டிவைத்துக்கொண்டு தேயிலை விதைப் பாக்கெட் விற்கிறார். 'பேப்பரிலேயே போட்டிருக்கு' என்பதுதான் அவருடைய முதல் வாக்கியம். தங்கள் பத்திரிகையின் பெயரால் வியாபாரம் நடப்பதால் தங்களுக்கே எழுதுவது முறை என்று பட்டது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்தது இலங்கையில், அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். 1964இல் இலங்கைப் பிரதமர் சிரிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட, தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தப்படி எங்கள் குடும்பத்தின் முறை வருவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. தலைமன்னாரில் கப்பல், இராமேசுவரம், மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர். எங்களைப் போலத் திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே தமிழ்நாடு அரசு 1968இல் நீலகிரியில் தேயிலை போட ஆரம்பித்திருந்தது. பின்னால் அதுதான் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. அங்கே நாற்றங்காலில் கூலியாகச் சேர்ந்து, நாற்றங்கால் மேற்பார்வையிலேயே ஓய்வு பெற்றேன். நாற்றங்கால் என்றால் என் அம்மாவுக்குப் புரியாது, கடைசிவரை 'தவறணை' என்றுதான் சொன்னார். என் கணவரின் முன்னோர் வலங்கைமான் பக்கத்திலிருந்து கண்டிச்சீமைக்குப் போனவர்கள். இரண்டு தலைமுறை கழித்து அவர் மூலமாக நான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தேன். காவிரித் தண்ணீரும் கும்பகோணம் காப்பியும் பழகிவிட்டன. ஆனாலும் தேயிலை என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன்.

என் பேரன் அந்தப் பாக்கெட்டில் ஒன்றை வாங்கி வந்தான். பாட்டிக்குப் பிடிக்கும் என்று நினைத்திருக்கிறான், பாவம். நான் பாக்கெட்டைக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே கடகடவென்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டவுடனேயே தெரிந்துவிட்டது. ஒன்றை அரிவாள்மனையில் வைத்துப் பிளந்தேன். நல்ல தேயிலை விதை என்றால் ஓட்டுக்குள் பருப்பு இடைவெளி இல்லாமல் நிறைந்திருக்கும், வெள்ளையாக, தொட்டால் எண்ணெய்ப் பசையோடு இருக்கும். இதில் பருப்பு சுருங்கி, பழுப்பேறி, ஓட்டை விட்டு விலகிக் கிடந்தது. அதனால்தான் அந்தக் கடகட. அதை ஒரு நாள் இல்லை, ஒரு மாதம் ஊறவைத்தாலும் அழுகத்தான் செய்யும்.

இந்தப் பக்கத்து மக்கள் ஏமாறுவதற்குக் காரணம் அறியாமை இல்லை. சொல்லப்போனால் விதையைப் பற்றி அதிகம் தெரிந்ததுதான் காரணம். டெல்டாவில் விதை என்றால் நெல். நெல்லை நன்றாகக் காயவைக்க வேண்டும், பல்லில் கடித்தால் 'டக்' என்று உடைய வேண்டும், அப்போதுதான் அடுத்த பட்டம் வரை கெடாது. உளுந்தும் எள்ளும் அப்படியே. ஆகவே காய்ந்த விதையைக் கையில் கொடுத்தால் 'நல்ல விதை' என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் காயக் கூடாத விதைகள் என்று ஓர் இனம் இருக்கிறது. தேயிலை, ரப்பர், கோகோ எல்லாம் அந்த இனம். நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் மாவும் பலாவும் கூட அந்த இனம்தான். பலாக்கொட்டையை வெயிலில் காயவைத்து அடுத்த ஆண்டு ஊன்றுபவர் யாராவது உண்டா? ஈரம் ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும், திரும்ப வராது. தேயிலை விதை மரத்திலிருந்து விழுந்த உடனே பொறுக்க வேண்டும், சீக்கிரம் போட வேண்டும். வைத்திருக்க வேண்டுமென்றால் ஈரமான மணலிலோ கரித்தூளிலோ புதைத்து, குளிர்ச்சியான இடத்தில் சில மாதம் காப்பாற்றலாம். அவ்வளவுதான். சித்திரை வெயிலில் தள்ளுவண்டியில் தொங்கும் பாக்கெட்டில் அது எப்படி உயிரோடு இருக்கும்?

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 1840களின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி, ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தோட்டக்கலைக்காரரைச் சீனாவுக்கு அனுப்பித் தேயிலை விதையும் செடியும் கொண்டுவரச் செய்தது. எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னார்கள். துணிப்பையில் போட்டும், காய்ந்த மண்ணில் கலந்து பெட்டியில் அடைத்தும் அவர்கள் அனுப்பிப் பார்த்த விதை இந்தியா வருவதற்குள் செத்துப்போனது. அப்புறம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் ஈர மண் போட்டு, அதில் முசுக்கட்டைச் செடிகளை நட்டு, இடையிடையே தேயிலை விதையைத் தூவி மூடி அனுப்பினார். கப்பல் கல்கத்தா வந்து சேர்ந்தபோது விதை பெட்டிக்குள்ளேயே முளைத்திருந்தது. அதற்கு முன்பே, 1830களில், நம் நீலகிரியில் கேத்தி பரிசோதனைத் தோட்டத்தில் தேயிலைச் செடி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கப்பலில் வந்த விதைக்கு அத்தனை பாடு. நம் ஊருக்கு அது கூரியரில் கண்ணாடித்தாள் உறைக்குள் வந்துவிடுகிறதாம்!

பாக்கெட்டின் மேல் இன்னொரு வேடிக்கை. 'உபாசி-9 ரக விதை' என்று அச்சிட்டிருக்கிறது. உபாசி என்பது தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கம், 1893இல் தொடங்கியது. அதன் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வால்பாறையில் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகங்களில் உபாசி-3, உபாசி-9 இரண்டும் எங்கள் நாற்றங்காலுக்கு நன்றாகப் பழகிய பெயர்கள். ஆனால் அவை விதை ரகம் அல்ல. ஒரு நல்ல தாய்ச்செடியிலிருந்து ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டி, அதைப் பையில் ஊன்றி வேர் பிடிக்கவைப்பது. ஒரே தாயின் நகல்கள். தேயிலை தன் மகரந்தத்தில் தானே காய் பிடிப்பது மிக அரிது. பக்கத்துச் செடியின் மகரந்தம் வேண்டும். ஆகவே உபாசி-9 செடியில் ஒரு காய் பழுத்தாலும் அந்த விதை உபாசி-9 ஆகாது. அப்பா யார் என்பது தேனீக்குத்தான் தெரியும். ஒட்டு மாம்பழத்தைத் தின்றுவிட்டு அதன் கொட்டையை ஊன்றினால் அதே பழம் வராது இல்லையா, அதே கணக்கு. இரண்டு நல்ல தாய்ச்செடிகளை மற்றத் தேயிலையிலிருந்து விலக்கித் தனியாக வைத்து, ஒன்றுக்கொன்று கலக்கவிட்டு எடுக்கும் விதையும் உண்டு. உபாசியே அப்படிப்பட்ட விதை வெளியிட்டிருக்கிறது. அவற்றுக்குப் பெயர் வேறு. 'உபாசி-9 விதை' என்று அச்சிட்டவருக்குத் தேயிலை பற்றி ஒன்றும் தெரியாது, அல்லது நமக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

விதைத் தேயிலையை நான் மட்டம் தட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையில் எனக்கு அதன் மேல்தான் பாசம். நீலகிரியில் நூறு ஆண்டு தாண்டியும் கொழுந்து கொடுக்கும் பழைய மலைகள் (தேயிலை வைத்த நிலத்தை நாங்கள் மலை என்றுதான் சொல்வோம்) எல்லாம் விதையில் வந்தவை. அந்த மலைக்குள் நின்று பார்த்தால் பக்கத்துப் பக்கத்துச் செடி ஒன்றைப் போல் ஒன்று இருக்காது. ஒன்றின் இலை கையகலம், அடுத்தது வெற்றிலைக் கொழுந்து போலச் சின்னது, ஒன்று இளம் மஞ்சள், ஒன்று கரும்பச்சை. சீன இனமும் அசாம் இனமும் கலந்து கலந்து வந்த வாரிசுகள். விதைச் செடிக்கு ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். மழை பொய்த்த ஆண்டுகளில் புதுமலையில் நகல் செடி வாடி நிற்கும்போது பழைய விதை மலை பச்சையாக நின்றதை நாங்கள் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆனால் கொழுந்து எடை நகல் செடியில்தான் அதிகம். எல்லாச் செடியும் ஒரே சமயத்தில் துளிர்க்கும், பறிக்கவும் சுலபம். கூலி எடைக்குத்தானே. அதனால் 1960களுக்குப் பிறகு வைத்த மலைகள் பெரும்பாலும் துண்டு நாற்றுதான். எங்கள் நாற்றங்காலிலும் விதைப் பாத்தி வரவர ஓரத்துக்குப் போய்விட்டது.

இதைச் சொல்லும்போது ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் அவர்கள் நடத்திய நெல் திருவிழா நினைவுக்கு வருகிறது. மாப்பிள்ளைச் சம்பாவையும் காட்டுயானத்தையும் தேடித் தேடிச் சேர்த்துக் கொடுத்த மனிதர். பழைய விதையின் அருமையைத் தேயிலைக்காரர்களை விடத் திருத்துறைப்பூண்டிக்காரர்களுக்கு எளிதாக விளக்கிவிடலாம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தொட்டியில் ஒரு தேயிலைச் செடி வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக வளர்க்கலாம். என் வீட்டு முற்றத்திலும் வேப்பமர நிழலில் செடி இருக்கிறது. பூவும் பூக்கிறது. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம் கொத்தாக, லேசான வாசனை. செய்யும் முறையைச் சொல்கிறேன், முடிந்தால் பிரசுரியுங்கள்.

விதையை மலையில் இருக்கும் தெரிந்தவர்கள் மூலமாகப் புதிதாகப் பொறுக்கியதாக வாங்குங்கள். ஈரத் துணியிலோ ஈர மணலிலோ வைத்து அனுப்பச் சொல்லுங்கள். வந்தவுடன் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட வேண்டும். அடியில் தங்குவது நல்ல விதை. மிதப்பதை எடுத்து இன்னொரு நாள் ஊறவிட்டுப் பார்க்கலாம், அப்போதும் மிதந்தால் குப்பைக்கு. உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு நெல் பதர் பிரிப்பவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே உப்பு மட்டும் கூடாது, வெறும் தண்ணீர்.

அப்புறம் வெடிக்கவிடுவது. நாற்றங்கால் வேலையில் எனக்கு மிகப் பிடித்த கட்டம் இதுதான். ஈர மணலைப் பரப்பி, அதன் மேல் விதையை ஒரே அடுக்காகப் போட்டு, ஈரச் சாக்கால் மூடி, வெயில் படும் இடத்தில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்போம். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டு, ஓடு கண் இருக்கும் பக்கமாக, அதாவது விதையின் மேல் தெரியும் சிறு தழும்பின் பக்கமாக, விரியும். காலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்து, விரிந்ததை மட்டும் பொறுக்கி எடுப்போம். மிச்சத்தை மறுபடி மூடிவிடுவோம். எல்லாம் ஒரே நாளில் விரியாது. சிலது சீக்கிரம், சிலது வாரக் கணக்கில். பெண்கள்தான் இந்த வேலைக்கு. ஓடு விரிந்த விதையில் வேர் நுனி மிளகு அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும், நகம் பட்டால் போச்சு. இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மலை வெயில் வேறு, நம் ஊர் வெயில் வேறு. இங்கே மண் தரையில் நேர் வெயிலில் வைத்தால் விதை வெந்துவிடும். காலை வெயில் மட்டும் படும் இடம் போதும்.

விரிந்த விதையைப் பையிலோ தொட்டியிலோ ஓர் அங்குல ஆழத்தில், கண் மேலே பார்க்காதபடி படுக்கவைத்து மூடுங்கள். வேர் அந்தக் கண் வழியாகத்தான் வருகிறது. கண் மேலே இருந்தால் வேர் வளைந்து திரும்பிக் கீழே இறங்க வேண்டியிருக்கும், கழுத்து கோணிய செடிதான் கிடைக்கும். தொட்டி ஓர் அடிக்குக் குறையாத உயரம் இருக்கட்டும். மேலே சொன்ன ஆணிவேருக்கு இடம் வேண்டும். அடியில் ஓட்டை கண்டிப்பாக வேண்டும்.

மண்தான் முக்கியம். தேயிலைக்குப் புளித்த மண் வேண்டும். அமில கார நிலை 4.5இலிருந்து 5.5க்குள். மலையில் கூட மண் அதற்கு மேலே இருந்தால் அலுமினியம் சல்பேட் கரைத்து ஊற்றிச் சரிசெய்த பிறகுதான் பையில் நிரப்புவோம். நம் வண்டல் மண் பெரும்பாலும் நடுநிலை, பல இடத்தில் அதற்கும் மேலே காரம். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போனால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த மண்ணில் தேயிலை வைத்தால் இலை நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். மண்ணில் இரும்பு இருந்தும் அது வேருக்குக் கிடைக்காது. உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் போடுவார்கள். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு சேர்ந்து இன்னும் மோசம். நான் ஐப்பசி கார்த்திகை மழையைக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்துவைத்து அதைத்தான் ஊற்றுகிறேன். தொட்டிக்கு மலைச் செம்மண், மணல், நன்றாக மக்கிய இலைமக்கு. மாடித்தோட்டக்காரர்கள் வழக்கமாகப் போடும் சாம்பல், முட்டை ஓடு, எலும்புத்தூள், சுண்ணாம்பு எதுவும் இதன் பக்கமே வரக் கூடாது. ரோஜாவுக்குக் கொடுப்பதையெல்லாம் இதற்கும் கொடுத்துக் கொன்றுவிட்டு 'மலைச் செடி கீழே வராது' என்று சொல்லிவிடுகிறார்கள்.

மலைச் செடி கீழே வராது என்பதே முழு உண்மை இல்லை. அசாமில் தேயிலை பிரம்மபுத்திராச் சமவெளியில்தான் இருக்கிறது, நம் டெல்டாவைப் போலவே ஆறு போட்ட நிலம். இலங்கையிலும் காலி, இரத்தினபுரிப் பக்கம் தாழ்நிலத் தேயிலை ஏராளம். உயரம் இல்லாவிட்டாலும் தேயிலை வளரும். ஆனால் அசாம் மண் புளித்த மண், ஆண்டில் பல மாதம் பரவலாக மழை. அதற்கும் மேல், வேரில் தண்ணீர் நிற்காதபடி வரிசைக்கு இடையே ஆழமாகக் கான் வெட்டி வடித்துவிடுகிறார்கள். நமக்கு வரும் மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் இரண்டு மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் சம்பா வயலில் தண்ணீரை வடிக்கவே நாம் வடிகால் தூர் வாரவில்லை என்று மறியல் செய்துகொண்டிருப்போம். தை பிறந்தால் வறட்சி, சித்திரை வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும். தேயிலைக்கு இரண்டு பக்கமும் அடி.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், தொட்டிக்காரர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போனால் ஒரு பாக்கெட் காசு. ஏக்கர் கணக்கில் யோசிப்பவர்களைப் பற்றித்தான் கவலை. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து, பட்டுக்கோட்டை முதல் வேதாரண்யம் வரை மாற்றுப் பயிர் என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. தேக்கு, செம்மரம், அகர், ஏதேதோ வந்து போயிற்று. இப்போது தேயிலை. அந்தத் தள்ளுவண்டிக்காரர் சின்ன ஆள், அவருக்கும் யாரோ கொடுத்து விற்கச் சொன்னதுதான். அவருக்குப் பின்னால் ஒரு துண்டுப் பிரசுரம் இருக்கிறது. 'மூன்றாம் ஆண்டிலிருந்து ஏக்கருக்கு லட்சங்களில் வருமானம், திரும்ப நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். மன்னார்குடி பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அதை நம்பி முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவரிடம் கேட்டேன்: 'தம்பி, கொழுந்தைப் பறித்து எங்கே கொண்டுபோவீர்கள்?' பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போக வேண்டும். வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, உலர்த்தினால்தான் நாம் கடையில் வாங்கும் தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நீலகிரியில் தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்தும் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்கு விலை போதவில்லை என்று ஆண்டுக்கணக்காகப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். அது தங்கள் பத்திரிகையிலேயே வந்த செய்திதான். தேயிலை நன்றாக விளையும் இடத்திலேயே இந்த நிலை என்றால், தொழிற்சாலையே இல்லாத மன்னார்குடியில் 'நாங்களே வாங்கிக்கொள்கிறோம்' என்பவர் கொழுந்தை வைத்து என்ன செய்வார்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அந்தத் துண்டுப் பிரசுரத்தில் தேயிலைச் செடியின் படத்துக்குக் கீழே 'டீ ட்ரீ ஆயில், சர்வதேசச் சந்தை, முகப்பரு மருந்து' என்று போட்டிருக்கிறது. பள்ளியில் வேதியியல் நடத்தும் என் மகள்தான் இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த எண்ணெய் நாம் குடிக்கும் தேயிலையிலிருந்து வருவதே இல்லை. அது ஆஸ்திரேலிய மரம், மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா. நியூ சவுத் வேல்ஸின் வடக்குக் கடலோரத்துச் சதுப்பில் தானாக வளர்வது. நீலகிரித் தைலம் எடுக்கிறோமே யூகலிப்டஸ், அதற்கும் நம் நாவலுக்கும் கொய்யாவுக்கும் உறவு. தேயிலையோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அங்கே பண்ட்ஜலங் என்ற பூர்வகுடிகள் அதன் இலையை நெடுங்காலமாக மருந்துக்குப் பயன்படுத்தி வந்தார்கள். 1920களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி வேதியியலாளர் அதன் எண்ணெய்க்குக் கிருமியைக் கொல்லும் சக்தி இருப்பதை ஆராய்ந்து சொன்ன பிறகுதான் வியாபாரம் பெருகியது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டில் நம் ஈர மண்ணைத் தாங்கக் கூடியது அந்த ஆஸ்திரேலிய மரம்தான். அதற்குச் சதுப்பு பழக்கம். அதையும் விதையிலிருந்துதான் வளர்க்கிறார்கள், ஆனால் முறை தலைகீழ். தேயிலை விதை கோலிக்குண்டு அளவு, இது தூசி. கிளையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டையான சிறு காய்களைப் பறித்துக் காகிதத்தில் காயவைத்தால் வெடித்து விதை கொட்டும். காய்ந்தாலும் சாகாது. அதை மண்ணுக்குள் புதைக்கக் கூடாது, மேலாகத் தூவ வேண்டும். பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் உட்காரவைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிடுவார்கள்.

அதையாவது ஏக்கரில் வைக்கலாமா என்றால், அங்கும் விதைதான் இடிக்கிறது. இந்த ஒரே இன மரத்தில் ஆறு வகை எண்ணெய் இருக்கிறதாம். மரத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மருந்துக்கு வேண்டியது டெர்பினென்-4-ஆல் என்ற வேதிப்பொருள் அதிகம் உள்ள வகை. வேறு வகை மரத்தின் விதையாக இருந்தால் யூகலிப்டஸ் வாசனை தரும் சினியோல்தான் தூக்கலாக வரும், டீ ட்ரீ எண்ணெய் என்று யாரும் வாங்கமாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் தாய் மரத்தின் எண்ணெயைச் சோதித்த பிறகே விதை எடுக்கிறார்கள். நம் ஊரில் நாற்று விற்பவரிடம் 'எந்த மரத்து விதை, எண்ணெய்ச் சோதனைச் சான்று எங்கே' என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெய் வடிக்க ஆவி வடிகலனும் வேண்டும். ஒன்று மட்டும் தயவுசெய்து பெரிய எழுத்தில் போடுங்கள்: அந்த எண்ணெயைக் குடிக்கக் கூடாது. உள்ளே போனால் நஞ்சு. பெயரில் டீ இருக்கிறது என்று அந்த மரத்து இலையை யாரும் கொதிக்கவைத்துக் குடிக்கவும் வேண்டாம். குழந்தை உள்ள வீட்டில் எண்ணெய்ப் புட்டியை உயரத்தில் வையுங்கள்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வேளாண் பக்கத்தில் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வரட்டும்: தேயிலை விதை காய்ந்தால் முளைக்காது, பாக்கெட்டில் விதை எடுத்த தேதி இல்லாவிட்டால் வாங்க வேண்டாம் என்று இரண்டு வரி போதும். வந்ததும் தள்ளுவண்டிக்காரர் அதையும் கத்தரித்து மாட்டுவாரா என்று பார்க்க எனக்கும் ஆசை. விதை ஆய்வாளர்கள் நெல் விதைக் கடைக்கு வந்து உரிமத்தையும் முளைப்புத் திறனையும் பார்க்கிறார்கள். கடைத்தெருத் தள்ளுவண்டியையும் வாட்ஸ்அப்பில் நாற்று விற்பவர்களையும் ஒருமுறை எட்டிப் பார்த்தால் நல்லது. ஏற்கெனவே வாங்கியவர்கள் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சத்தம் வந்தால் இரண்டைப் பிளந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.

மன்னார்குடித் தம்பி முன்பணம் கொடுக்கவில்லை என்று நேற்று போனில் சொன்னார். புயலில் தப்பிய தென்னைக்கு நடுவே நிழலில் வேறு என்னதான் வைப்பது என்று கேட்டார். அதற்கு நான் ஆள் இல்லை, நான் தேயிலைக்காரி. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைக்கு நடுவே கோகோ வைத்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் லாபத்தை மட்டும் கேட்காமல் நஷ்டத்தையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தேயிலை நாற்றங்கால் மேற்பார்வையாளர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.